பள்ளிக் கல்வியில் அயல்மொழிப் பாடம்: கட்டாயமும் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிகளில் அயல்மொழிப் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டுமா என்னும் வினா உலகின் பல நாடுகளில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. இவ்வினாவுக்கு ஆம், இல்லை என்னும் இருவகை விடைகளே பெரும்பாலும் தரப்படுகின்றன. கட்டாயம் என்பது ஒரு மொழிக்குப் பாடவேளை அட்டவணையில் இடம் பெற்றுத் தருமேயன்றிக் கற்றலை உறுதி செய்வதில்லை என்பதையும், அம்மொழி பாடத்திட்டத்தில் எந்த மொழியின் இடத்தில் அமர்கிறது என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இங்கிலாந்து, பின்லாந்து, அயர்லாந்து, ஜப்பான், சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் பட்டறிவும், தமிழகத்தின் மேல்நிலை வகுப்புகளில் பிரெஞ்சு முதலிய மொழிகள் தமிழுக்கு மாற்றாகப் பயிலப்படும் நிலையும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அயல்மொழிக் கல்வி, கட்டாயப் பாடம், மாற்றிடம், கூடுதலிடம், இருமொழிக் கொள்கை, தமிழ் கற்றல் சட்டம், தமிழாய்வு.

முன்னுரை

பிற மொழிகளோடு தமிழ் கொண்ட உறவு பழமையானது. செய்யுளில் பயிலும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்த தொல்காப்பியம், தமிழெல்லைக்கு அப்பாலிருந்து வரும் சொற்களுக்கும் இலக்கண நூலுக்குள்ளேயே இடம் வகுத்தது. வடவெழுத்தை ஒழித்து, தமிழ் எழுத்தொடு பொருந்தியதாக வடசொல் வரவேண்டும் என்று அது நெறிப்படுத்தியது. பிறமொழியை ஏற்பதா மறுப்பதா என்பதைவிட, எந்த நெறியில், எந்த இடத்தில் ஏற்பது என்பதே அங்கு முதன்மை பெற்றது.

இன்றைய பள்ளிக் கல்வி பற்றிய உரையாடல்களில் இவ்வணுகுமுறை அரிதாகவே காணப்படுகிறது. அயல்மொழி கற்றால் வேலைவாய்ப்புப் பெருகும், உலகறிவு விரியும் என்போர் அதனைக் கட்டாயமாக்கக் கோருகின்றனர். மாணவரின் சுமை கூடும், தாய்மொழி நலியும் என்போர் அதனை மறுக்கின்றனர். இருதரப்பினரும் கட்டாயம் என்ற ஒன்றையே மையமாக்குகின்றனர். கட்டாயப் பாடமாக வைக்கப்பட்ட மொழிகள் எந்த அளவுக்குக் கற்கப்பட்டன, விருப்பப் பாடமாக விடப்பட்ட மொழிகள் யாரைச் சென்றடைந்தன, அயல்மொழி அமர்வதற்காக எந்த மொழி எழுந்தது ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை முன்வைத்து ஆராய்கிறது.

சொல் வரையறை

ஆய்வுத் தெளிவுக்காக இங்குச் சில சொற்கள் வரையறுக்கப்படுகின்றன. குழந்தை வீட்டிலும் சுற்றத்திலும் இயல்பாகப் பெறும் மொழி தாய்மொழி. தாய்மொழி அல்லாதது எனினும் நிருவாகம், வணிகம், உயர்கல்வி ஆகியவற்றின்வழி ஒரு சமூகத்தில் புழங்கும் மொழி இரண்டாம் மொழி. வகுப்பறைக்கு வெளியே கேட்கவும் பேசவும் வாய்ப்பற்ற மொழி அயல்மொழி. இவ்வரையறை நாட்டெல்லையை அடிப்படையாகக் கொண்டதன்று. புழக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. எனவே ஒரே மொழி ஓரிடத்தில் இரண்டாம் மொழியாகவும் பிறிதோரிடத்தில் அயல்மொழியாகவும் அமையலாம். சென்னையில் ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டாம் மொழி. ஆங்கிலம் பேசுவோரைக் காணாது வளரும் சிற்றூர் மாணவருக்கு அதுவே ஏறத்தாழ அயல்மொழி. தமிழகப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடமாக இருப்பதால், அயல்மொழியைக் கட்டாயமாக்கலாமா என்னும் வினா தமிழக மாணவர் பலருக்கு முன்னரே விடை கூறப்பட்டுவிட்ட ஒன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பாடத்திட்டத்தில் ஓர் அயல்மொழி இரண்டு வகையில் அமையலாம். ஏற்கெனவே உள்ள மொழி ஒன்றை விலக்கி அதற்குப் பதிலாக அமைவது ‘மாற்றிடம்’ எனவும், உள்ள மொழிகளை விலக்காது அவற்றோடு சேர்ந்து அமைவது ‘கூடுதலிடம்’ எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. ‘தமிழோ பிரெஞ்சோ’ என்பது முன்னது. ‘தமிழும் பிரெஞ்சும்’ என எண்ணும்மை பெற்று வருவது பின்னது.

கட்டாயத்தின் ஆற்றல்

கட்டாயத்தால் பயனே இல்லை என்று கூற இயலாது. இங்கிலாந்தின் பட்டறிவு இதற்குத் தெளிவான சான்று. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின்வழி உருவான தேசியப் பாடத்திட்டத்தில் 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்க்கு அயல்மொழி ஒன்று அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 14 வயதுக்கு மேற்பட்டோர்க்கு இக்கட்டாயம் நீக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் அயல்மொழி ஒன்றை எழுதியோர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். 2011ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 40 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் 2010இல் பள்ளிகளின் தரத்தை அளவிடும் பாடத்தொகுதியில் அயல்மொழி சேர்க்கப்பட்டது. 2014 செப்டம்பர் முதல் 7 வயதிலிருந்து 11 வயது வரையான தொடக்கநிலையில் மொழிப்பாடம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் பழைய நிலை மீளவில்லை. எளிதில் நீக்கப்பட்ட ஒன்றை எளிதில் மீட்க இயலவில்லை. மாணவர் குறைந்தால் பட்டப்படிப்புத் துறைகள் சுருங்குகின்றன, துறைகள் சுருங்கினால் ஆசிரியர் கிடைப்பதில்லை.

இவ்வீழ்ச்சி எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவாக நிகழவில்லை என்பது இன்னும் கருதத்தக்கது. கட்டணப் பள்ளிகளிலும் வசதியுள்ளோர் பயிலும் பள்ளிகளிலும் மொழிப்பாடம் பெரிதும் நிலைத்தது. வறிய பகுதிகளின் பள்ளிகளிலேயே அது வேகமாக மறைந்தது. விருப்பப் பாடம் என்னும் ஏற்பாடு, விரும்பும் வாய்ப்பு உடையோர்க்கு மட்டுமே விருப்பமாக இருந்தது. கட்டாயத்தை ஆதரிப்போரின் வாதங்களுள் வலிமை மிக்கது இதுவே. அயல்மொழிக் கல்வியை மாணவரின் விருப்பத்திற்கு விட்டுவிடுவதாகக் கூறும் எந்தக் கொள்கையும் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

கட்டாயத்தின் எல்லை

கட்டாயம் மாணவரை வகுப்பறையில் அமர்த்தும். மொழியைப் புழங்கச் செய்யும் என்று கூற இயலாது. அயர்லாந்தின் ஐரிஷ் மொழி இவ்வகையில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அது அந்நாட்டின் சொந்த மொழி. 1937ஆம் ஆண்டின் அரசமைப்பில் முதல் ஆட்சிமொழி எனக் குறிக்கப்பட்டது. எனினும் மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டதால், மேற்கூறிய வரையறைப்படி அம்மாணவர்க்கு ஐரிஷ் ஏறத்தாழ அயல்மொழியே. 1922இல் சுதந்திர அரசு அமைந்தது முதல் அது பள்ளிகளில் கட்டாயமாகப் பயிற்றப்பட்டு வருகிறது. 1973 வரை அப்பாடத்தில் தேறாதவர்க்குப் பள்ளியிறுதிச் சான்றிதழே வழங்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 இலட்சம் பேர், அதாவது பத்தில் நால்வர், தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். கல்விக்கூடத்திற்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரம் பேர் மட்டுமே. ஒரு நூற்றாண்டுக் கட்டாயக் கல்வி மொழியறிவைப் பரப்பியது. மொழிப் புழக்கத்தைப் பரப்பவில்லை. இந்த இடைவெளியைப் பள்ளி மட்டும் நிரப்ப இயலாது என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

பின்லாந்தில் சுவீடிய மொழி பேசுவோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். எனினும் அது அந்நாட்டின் இரண்டாவது தேசிய மொழி. 1970களில் பொதுப்பள்ளி முறை நடைமுறைக்கு வந்தபோது பின்னிய மொழி பேசும் மாணவர் அனைவர்க்கும் அது கட்டாயப் பாடமாயிற்று. ‘கட்டாயச் சுவீடிய மொழி’ என்று பொருள்படும் ஒரு வசைச்சொல் அம்மொழியில் தோன்றி நிலைபெற்ற அளவுக்கு அதன்மீது எதிர்ப்பு வளர்ந்தது. 2005ஆம் ஆண்டு முதல் பள்ளியிறுதிப் பொதுத்தேர்வில் அப்பாடம் விருப்பமாக்கப்பட்டது. ஆனால் அதனைப் பயில்வது கட்டாயமாகவே நீடிக்கிறது. பாடம் கட்டாயம், தேர்வு விருப்பம் என்னும் இவ்வேற்பாட்டில் தேர்வெழுதுவோர் தொகை குறைந்தது. பட்டம் பெறுவதற்குச் சுவீடிய மொழித்திறன் வேண்டப்படுவதால், பள்ளியில் தவிர்த்ததைப் பல்கலைக்கழகத்தில் ஈடுசெய்ய வேண்டிய நிலையும் ஏற்பட்டது. கட்டாயப்படுத்தப்பட்டது என்பதாலேயே ஒரு மொழி வெறுப்புக்குள்ளாகும் என்பதற்குப் பின்லாந்து சான்றாகிறது.

ஜப்பானின் நிலை வேறுவகையில் அறிவுறுத்துவது. அங்கு நடுநிலைப்பள்ளிகளில் அயல்மொழி 2002ஆம் ஆண்டில்தான் முறைப்படி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அது சட்டப்படி விருப்பப் பாடமே. ஆயினும் உயர்நிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் இடம்பெற்றதால் ஏறத்தாழ எல்லா மாணவரும் அதனைப் படித்தனர். சட்டம் கட்டாயமாக்காததைத் தேர்வு கட்டாயமாக்கியது. அதனால் கற்றலின் இயல்பும் தேர்வின் இயல்பையே ஒத்தது: இலக்கணமும் மொழிபெயர்ப்பும் வளர்ந்தன, பேச்சு பின்தங்கியது. அக்குறையை நீக்கும் முயற்சியாகவே 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அயல்மொழி முறையான பாடமாக்கப்பட்டு, மூன்றாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் பயிற்சிகள் தொடங்கப்பட்டன. அரசாணையில் உள்ள கட்டாயத்தைவிட மதிப்பெண்ணில் மறைந்திருக்கும் கட்டாயம் வலிது என்பது இதனால் தெளிவாகிறது. தமிழகத்தின் நிலையை விளங்கிக்கொள்ள இக்கருத்து இன்றியமையாதது.

தமிழகத்தில் கட்டாயம் பற்றிய வரலாறு

கட்டாய மொழிப்பாடம் என்பது தமிழகத்தில் அரசியலும் உணர்வும் கலந்த சொல். 1938ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு 125 உயர்நிலைப்பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரிழந்தனர். 1940 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. 1965ஆம் ஆண்டின் போராட்டத்தைத் தொடர்ந்து, 1968 சனவரி 23ஆம் நாள் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் மும்மொழித் திட்டத்தை நீக்கி, தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

இவ்வரலாற்றைப் பிறமொழி வெறுப்பின் வரலாறாகக் காண்போர் உளர். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 1938இன் போராட்டத்தில் முன்னின்ற தமிழறிஞருள் மறைமலையடிகள் வடமொழியும் ஆங்கிலமும் ஆழக் கற்றவர். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவர். நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆங்கிலப் புலமை மிக்க வழக்கறிஞர். அவர்கள் எதிர்த்தது மொழியைக் கற்பதை அன்று. கற்பவரின் ஒப்புதலின்றி ஒரு மொழிக்கு அரசு வழங்கிய இடத்தையே. கற்றலும் திணித்தலும் வேறு என்னும் இப்பகுப்பு தமிழகத்தின் மொழிச் சிந்தனைக்கு அடிப்படையானது. அயல்மொழிக் கல்வி பற்றிய இன்றைய உரையாடலிலும் இதனை மறத்தலாகாது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, மும்மொழிகளுள் இரண்டேனும் இந்திய மொழிகளாக இருத்தல் வேண்டும் என்கிறது. அதனுடன் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யம் முதலிய மொழிகளை இடைநிலைக் கல்வியில் வழங்கலாம் எனவும் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், ஆங்கிலத்தை விடாத மாணவர்க்கு அயல்மொழி என்பது நான்காம் மொழியாகவே அமையும். மூன்றாமிடத்தில் அயல்மொழி எத்துணை நிலையற்றது என்பதைக் கேந்திரிய வித்தியாலயங்களின் பட்டறிவு காட்டுகிறது. அங்கு மூன்றாம் மொழியாகப் பயிற்றப்பட்ட ஜெர்மன் 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே, அவ்விடத்திலிருந்து நீக்கப்பட்டது. சமற்கிருதம் அதற்குப் பதிலாக வைக்கப்பட்டது. ஒரு மொழியை விலக்கியே மற்றொரு மொழி அமரும் என்னும் ஏற்பாட்டில் எந்த மொழியும் நிலையான இடம் பெறுவதில்லை.

மாற்றிடம்: மேல்நிலை வகுப்பில் தமிழோ பிரெஞ்சோ

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. 2006–07ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக உயர்ந்து, 2015–16இல் பத்தாம் வகுப்பு வரை தமிழை முதற்பகுதிப் பாடமாக்க அச்சட்டம் வகைசெய்தது. தாய்மொழி வேறாக உள்ள மாணவர் தம் மொழியை விருப்பப் பாடமாகப் பயிலவும் அதில் இடம் உண்டு. சிறுபான்மை மொழி மாணவர் சிலர் நீதிமன்றத்தை அணுகி விலக்குப் பெற்றதும் இச்சட்டத்தின் வரலாற்றில் அடங்கும். எவ்வாறாயினும் சட்டத்தின் எல்லை பத்தாம் வகுப்போடு முடிகிறது.

பதினோராம் வகுப்பில் முதற்பகுதி மொழிப்பாடமாகத் தமிழை விடுத்துப் பிரெஞ்சு, ஜெர்மன், அரபு, சமற்கிருதம், இந்தி முதலிய மொழிகளுள் ஒன்றைத் தேரலாம். தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் தம் மொழியைத் தேர்வது இயல்பு. அது இங்கு ஆய்வுக்குரியதன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர், பத்தாண்டுகள் பயின்ற மொழியை விடுத்து, பலர் முன்பின் அறியாத ஒரு மொழியைப் பதினாறு வயதில் தொடங்குவதே கருதத்தக்கது.

இத்தேர்வின் காரணம் மொழியார்வம் என்று கொள்வது கடினம். பத்தாண்டுக் கல்விக்குப்பின் வரும் தமிழ்ப்பாடம் செய்யுள், இலக்கணம், உரைநடை எனப் பதினோராம் ஆண்டின் ஆழத்தை எதிர்பார்க்கிறது. அதே வேளையில் தொடங்கப்படும் பிரெஞ்சுப் பாடம் தொடக்கநிலை அறிவையே எதிர்பார்க்கக் கூடும். இரண்டுக்கும் மதிப்பெண் அளவு ஒன்றே. சமமற்ற ஆழங்களை ஒரே அளவுகோலால் அளக்கும்போது மாணவர் ஆழங்குறைந்த பக்கம் செல்வது அவர் குற்றமன்று, அளவுகோலின் குற்றம். மேலும் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே கணக்கிடப்படுவதால், மொழிப்பாடத்திற்குரிய நேரத்தைச் சுருக்கி அப்பாடங்களுக்கு வழங்கும் வழியாகவும் இத்தேர்வு பயன்படுகிறது. ஜப்பானில் தேர்வு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியதுபோல, இங்கு மதிப்பெண் தமிழை விடுவதைத் தூண்டுகிறது.

இச்சமமின்மையைக் கல்வித்துறையும் ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. 2017இல் தரவரிசை வெளியிடும் முறை நிறுத்தப்படும் வரை, பன்னிரண்டாம் வகுப்பில் மாநில அளவில் முதலிடங்கள் தமிழை மொழிப்பாடமாகக் கொண்டோர்க்கும் பிறமொழிகளைக் கொண்டோர்க்கும் வெவ்வேறாக அறிவிக்கப்பட்டன. மொத்த மதிப்பெண் ஒத்திருப்பினும் பயின்ற பாடம் ஒத்ததன்று என்னும் ஒப்புதல் அவ்வழக்கத்தில் பொதிந்திருந்தது. தரவரிசை நீங்கியது மாணவர் நலனுக்கு ஏற்றதே. ஆயின் அதனோடு இந்த வேறுபாட்டை நினைவூட்டிய ஒரே குறிப்பும் நீங்கிற்று.

இரண்டாண்டுகளில் அயல்மொழி எந்த அளவுக்குக் கற்கப்படும் என்பதும் எண்ணத்தக்கது. மொழித்திறனை ஆறு படிநிலைகளாகப் பகுக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தில், அன்றாடச் சூழல்களைத் தன்னுரிமையோடு எதிர்கொள்ளும் மூன்றாம் படிநிலையை எட்ட 350 முதல் 400 மணிநேர வழிகாட்டுதலுடன் கூடிய கற்றல் வேண்டும் என ஆங்கிலத்திற்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. வாரத்திற்கு 40 நிமிடப் பாடவேளைகள் மூன்று, ஆண்டிற்கு 35 வாரங்கள் எனக் கொண்டால், ஓராண்டில் கிடைப்பது 70 மணிநேரம். அக்கணக்கில் அப்படிநிலையை எட்ட ஐந்தாண்டுகள் தேவை. பொதுத்தேர்வை நோக்கிய இரண்டாண்டுப் படிப்பு அந்த நிலையை எட்ட வாய்ப்பில்லை. ஆக, மாற்றிடத்தில் அமர்ந்த அயல்மொழியால் தமிழ் விடப்படுகிறது, அயல்மொழியும் கைவருவதில்லை.

கூடுதலிடம்: சிங்கப்பூரின் ஏற்பாடு

அயல்மொழியைத் தாய்மொழிக்குப் போட்டியாக்காது அமைப்பதும் இயலும் என்பதற்குச் சிங்கப்பூர் எடுத்துக்காட்டு. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில் ஆங்கிலத்தோடு தாய்மொழி கற்பது பொதுவிதி. சீனம், மலாய், தமிழ் ஆகியன அத்தாய்மொழிப் பாடங்களுள் முதன்மையானவை. இரண்டாம் மொழி 1966இல் உயர்நிலைப்பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டது. 1978இல் கல்வியமைச்சின் மொழி நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் முதலிய மொழிகள் அங்கு மூன்றாம் மொழியாகப் பயிற்றப்படுகின்றன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சிறந்து தேறிய மாணவர் தம் பள்ளி நேரத்திற்குப்பின் அம்மையத்திற்குச் சென்று பயில்கின்றனர்.

இவ்வேற்பாட்டில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, தமிழ் மாணவர் பிரெஞ்சு கற்பதற்காகத் தமிழை விடவேண்டியதில்லை. இரண்டாவது, ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மொழிக்கும் ஆசிரியரைத் தேடவேண்டியதில்லை. பல பள்ளி மாணவர்க்கு ஒரு மையம் போதுமானது. மூன்றாவது, உயர்நிலைக் கல்வியின் தொடக்கத்திலேயே தொடங்குவதால் சில ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கிறது. தேர்வு மதிப்பெண்ணால் வாய்ப்பைச் சுருக்குவது இதன் குறை. மொழியார்வமும் பிற பாடங்களின் மதிப்பெண்ணும் ஒன்றல்ல. தமிழகத்திற்கு இம்முறையைக் கொள்வதாயின் அமைப்பைக் கொண்டு, வடிகட்டலை விடுதல் தகும்.

தமிழாய்வுக்கு அயல்மொழி

அயல்மொழிக் கல்வி வேலைவாய்ப்புக்கு உரியது என்றே பெரிதும் கருதப்படுகிறது. தமிழாய்வுக்கும் அது இன்றியமையாதது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. 1554இல் லிஸ்பனில் அச்சிடப்பட்ட கார்த்திலா, தமிழை உரோம எழுத்தில் போர்த்துகீசியத்தோடு தந்தது. ஆந்தம் தே புரோயன்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. தரங்கம்பாடிப் பணியாளர் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மன் மொழியில் ஆலே ஆவணக்காப்பகத்தில் உள்ளன. நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடி ஆகிய துறைமுகங்களின் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்வைப் பற்றிய செய்திகள் டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆவணங்களில் செறிந்துள்ளன. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் இருப்பினும், அதனை அக்காலப் பிரெஞ்சு ஆவணங்களோடு ஒப்பிடாது முழுமையாக மதிப்பிட இயலாது.

இவற்றைத் தமிழுலகம் அறிந்தது பன்மொழி அறிஞர் சிலரின் உழைப்பால். தனிநாயக அடிகள் 1954இல் ஐரோப்பிய நூலகங்களில் ஆய்வு மேற்கொண்டு, வத்திக்கான் நூலகத்தில் புரோயன்சாவின் அகராதியைக் கண்டறிந்தார்; 1966இல் அது மலாயாப் பல்கலைக்கழகத்தின்வழி மறுபதிப்புப் பெற்றது. போர்த்துகீசியம் முதலிய மொழிகளை அவர் அறிந்திராவிடில் அந்நூல் அடுக்கிலேயே இருந்திருக்கும்.

இன்றைய பள்ளி அமைப்பு அத்தகைய அறிஞர் உருவாவதற்கு இடந்தருகிறதா என்பது தமிழ்த்துறைகள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. பதினோராம் வகுப்பில் பிரெஞ்சையோ ஜெர்மனையோ தேர்ந்த மாணவர் அந்நாளே தமிழ்க்கல்வியிலிருந்து விலகுகிறார். இளங்கலைத் தமிழ்ச் சேர்க்கைக்குப் பொதுவாக மேல்நிலையில் தமிழ் பயின்றிருத்தல் வேண்டப்படுவதால் அவர் தமிழ்த்துறைக்கு வருவது அரிது. தமிழைத் தேர்ந்து தமிழ்த்துறைக்கு வரும் மாணவர்க்கோ அயல்மொழி கற்கும் வாய்ப்பே பள்ளியில் வழங்கப்படவில்லை. தமிழும் ஓர் அயல்மொழியும் ஒருங்கே அறிந்தவர் உருவாகாதவாறு ‘அல்லது’ என்னும் ஒரு சொல் வாயிலை அடைத்து நிற்கிறது. மாற்றிடத்தின் முதன்மையான இழப்பு இதுவே. மாணவர் சிலர் தமிழை விடுவதால் நேரும் இழப்பைவிட, தமிழின் அயலகச் சான்றுகளைப் படிக்க ஆளின்றிப் போவது பெரிய இழப்பு.

எதிர்வாதங்கள்

அயல்மொழி கூடுதலிடத்தில் அமைந்தால் மாணவரின் சுமை பெருகும் என்பது முதல் எதிர்வாதம். எல்லார்க்கும் கட்டாயமாக்கினால் இது உண்மை. விரும்பியோர்க்கு, பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு இணைக்கப்படாத பாடமாக, ஆறாம் வகுப்பு முதல் வழங்கினால் இவ்வாதத்தின் வலிமை பெரிதும் குறைகிறது.

மதிப்பெண் இல்லாத பாடத்தை எவரும் படியார் என்பது இரண்டாவது எதிர்வாதம். கலை, விளையாட்டு ஆகியன புறக்கணிக்கப்படும் நிலை இவ்வாதத்திற்கு வலுச்சேர்க்கிறது. ஆயினும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கப்பட்ட மொழி என்னவாயிற்று என்பதும் மேலே காணப்பட்டது. மொழித்திறனைப் படிநிலைச் சான்றிதழாக வழங்குதல் இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அச்சான்றிதழ் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டாது; ஆனால் உயர்கல்வியிலும் பணியிலும் மதிப்புடையதாக இருக்கும்.

தாய்மொழியிலேயே பிழையின்றி எழுத இயலாதவர்க்கு அயல்மொழி எதற்கு என்பது மூன்றாவது. இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் திறன் உறுதிப்படாத நிலையில் மூன்றாவதைச் சேர்ப்பது பயன்தராது. இக்காரணத்தாலேயே அயல்மொழியை எல்லார்க்கும் கட்டாயமாக்குவதை ஏற்க இயலவில்லை. ஆனால் ஒரு வகுப்பில் சிலர் பின்தங்கியுள்ளனர் என்பது, அவ்வகுப்பில் ஆர்வமுள்ள பிறர்க்கு வாயிலை அடைப்பதற்குக் காரணமாகாது. அரசுப்பள்ளி மாணவர்க்கு இவ்வாதத்தைக் கூறி, கட்டணப்பள்ளி மாணவர்க்கு மட்டும் பிரெஞ்சு வகுப்பை விட்டுவைப்பது இங்கிலாந்தில் நேர்ந்த சமமின்மையை இங்கும் நிலைநிறுத்துவதாகும்.

முடிவுரை

பள்ளியில் அயல்மொழியைக் கட்டாயமாக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு, கட்டாயம் யார்மீது என்னும் எதிர்வினாவே தக்க தொடக்கம். மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கட்டாயம் ஒரு மொழிக்கு மாணவரைப் பெற்றுத் தரும் என்பதை இங்கிலாந்தும், புழக்கத்தைப் பெற்றுத் தராது என்பதை அயர்லாந்தும், வெறுப்பையும் உடன்கொணரக்கூடும் என்பதைப் பின்லாந்தும் காட்டுகின்றன. சட்டத்தினும் மதிப்பெண் வலிய கட்டாயம் என்பது ஜப்பானின் பட்டறிவால் விளங்குகிறது.

2. அயல்மொழியைக் கற்பது மாணவர்க்குக் கட்டாயமாதல் வேண்டா. கற்கும் வாய்ப்பை வழங்குவது கல்வி அமைப்புக்குக் கட்டாயமாதல் வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு மொழி மையம் என்னும் அளவில் தொடங்கினும், அரசுப்பள்ளி மாணவரும் அதனை எட்டலாம்.

3. அயல்மொழி எந்நிலையிலும் தாய்மொழியின் இடத்தில் அமர்தல் கூடாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் மேல்நிலையிலும் தமிழைத் தொடரவும், விரும்பினால் அதனோடு அயல்மொழி பயிலவும் பாடத்திட்டம் வழிசெய்தல் வேண்டும்.

4. தொடக்கநிலை மொழிப்பாடத்தையும் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட மொழிப்பாடத்தையும் ஒரே மதிப்பெண் அளவுகோலால் ஒப்பிடும் முறை மாற்றப்படுதல் வேண்டும்.

5. பள்ளிச் சீர்திருத்தம் வரும்வரை தமிழ்த்துறைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் ஆய்வாளர் தம் ஆய்வுக்குரிய மொழிகளைப் படித்தறிதல் மரபாக இருப்பதுபோல, முதுகலை, முனைவர் பட்ட நிலைகளில் ஆய்வுப் பொருளுக்கேற்பப் போர்த்துகீசியம், ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு ஆகியவற்றுள் ஒன்றைப் படித்தறியும் பயிற்சியைத் தமிழ்த்துறைகளே தொடங்கலாம். ஆவணத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் அளவிலான பயிற்சிக்குப் பேச்சுத்திறனுக்கு வேண்டும் காலம் வேண்டுவதில்லை.

இவற்றுள் ஐந்தாவது எவருடைய ஆணைக்கும் காத்திராதது. மேல்நிலைப் பாடத்திட்டத்தில் ‘தமிழோ பிரெஞ்சோ’ என்றுள்ள தொடர் ‘தமிழும் பிரெஞ்சும்’ என மாறுவதற்கு அரசின் முடிவு தேவை. தமிழ்த்துறையின் ஆய்வு வகுப்பில் அம்மாற்றத்தை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க இயலும்.